ஒரே பாத்தியில் ஜின்னியாவும் செண்டுமல்லியும்: மே மாதக் கல்யாணத்துக்குள் பூக்குமா?

வாசகர் கடிதம்

கோத்தகிரி அருகே ஒரு கிராமத்திலிருந்து, பணி ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர் எழுதியிருக்கிறார். நீளமான கடிதம்; சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

வீட்டுக்கு முன்னால் மூன்று சென்ட் சரிவு நிலம். அதில் இருந்த வயதான தேயிலைச் செடிகளை வேரோடு எடுத்துவிட்டுப் பூந்தோட்டம் போட்டார். போன ஜூனில், ஆன்லைனில் வாங்கிய ‘கலவை வண்ண’ ஜின்னியா விதையையும் செண்டுமல்லி விதையையும் ஒன்றாகக் கலந்து பாத்தியில் தூவினார். மாட்டுச் சாணம் தாராளமாகப் போட்டார். போதாது என்று யூரியாவும் வைத்தார். செண்டுமல்லி இடுப்பளவுக்கு வளர்ந்தது, ஆனால் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் பூத்தது. அடி இலைகளில் செம்பு நிறப் புள்ளிகள். ஜின்னியாவில் மழைக்காலத்தில் பழுப்புப் புள்ளி வந்தது, மழை இடைவெளி விட்டபோது இலை முழுக்க வெள்ளைப் பொடி பூசியது போல ஆயிற்று. “இரண்டும் ஒரே பாத்தியில் ஆகாது, ஒன்றின் நிறத்தை ஒன்று கெடுத்துவிடும்” என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். “எங்கள் ஊரில் எந்த மாதம் போட்டாலும் பூக்கிறதே” என்கிறார் மேட்டுப்பாளையத்தில் இருக்கும் தங்கை.

வரும் மே இரண்டாம் வாரத்தில் மகளுக்குக் கல்யாணம். அதற்குள் வாசல் முழுக்கப் பூத்து நிற்க வேண்டும். பொக்லைன் வைத்துச் சரிவைச் சமப்படுத்திவிடலாம் என்பது கணவரின் யோசனை. பின்பக்க உருளைக்கிழங்குப் பாத்தியைச் சுற்றிச் செண்டுமல்லி நட்டால், வேரைத் தாக்கும் நுண்ணிய நூற்புழு ஒழியுமா, அதன் வாசனைக்குக் காட்டெருமை வராமல் இருக்குமா, போன வருடம் எடுத்து வைத்த விதையையே போடலாமா என்றும் கேட்கிறார்.

ஆலோசனை

அன்புள்ள டீச்சருக்கு,

பக்கத்து வீட்டுக்காரருக்கான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். ஜின்னியாவையும் செண்டுமல்லியையும் ஒரே பாத்தியில் தாராளமாக வைக்கலாம். இரண்டுக்கும் பூர்வீகம் மெக்சிகோ பக்கம். இரண்டும் சூரியகாந்திக் குடும்பம். வெயில் வேண்டும், தண்ணீர் தேங்கக் கூடாது, உறைபனி பட்டால் கருகிவிடும் என்பதில் இரண்டுக்கும் குணம் ஒன்றுதான். தேனீ ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போய் உட்கார்ந்தாலும் இவை இனக்கலப்பு ஆகாது, பேரினமே வேறு. அடுத்த வருடம் ஜின்னியாவின் நிறம் மாறி வந்தால், பக்கத்தில் இருந்த இன்னொரு ஜின்னியாவின் மகரந்தம்தான் காரணம். செண்டுமல்லி மேல் பழி போட வேண்டாம்.

உங்கள் தங்கை சொல்வதும் பொய்யில்லை. மேட்டுப்பாளையத்தில் அவர் பார்ப்பது சமவெளி வெயில். நீங்கள் இருப்பது ஏறக்குறைய ஆறாயிரம் அடி உயரத்தில், அதுவும் மலையின் கிழக்குப் பக்கம். அங்கே நாட்காட்டியே வேறு. ஊட்டி, நடுவட்டம் பக்கம் ஜூன், ஜூலையில் கொட்டும் தென்மேற்குப் பருவமழை உங்களுக்குச் சாரலும் மேகமூட்டமுமாக வரும். உங்கள் உண்மையான மழை அக்டோபர், நவம்பரில். ஜூனில் விதைத்தால் செடி வளரும் காலம் முழுக்க வெயில் கிடைக்காது. பூக்கத் தொடங்கும் நேரத்தில் வடகிழக்கு மழை வந்து அடிக்கும். அதற்குப் பிறகு மார்கழி, தையில் பனி. இந்த இரண்டு செடிகளுக்கும் மலையில் நல்ல காலம் மாசியில் விதைத்து சித்திரை, வைகாசியில் பூப்பதுதான். கல்யாணமும் அப்போதே வருவது உங்கள் அதிர்ஷ்டம்.

படங்களில் நான் பார்த்தது

நீங்கள் அனுப்பிய படங்களில் இருப்பது ஒரே நோய் இல்லை. மூன்று தனித்தனிச் சங்கதிகள்.

ஜின்னியாவின் வெள்ளைப் பொடி, சாம்பல் நோய். கட்டைவிரலால் தேய்த்தால் மாவு போல ஒட்டி வரும். நம் ஆட்கள் பலர் இதை ‘மழையால் வந்தது’ என்பார்கள். உண்மையில் இந்தப் பூஞ்சணத்துக்கு இலை நனைந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. பகலில் மழை இல்லாமல், இரவில் குளிர்ந்த ஈரக்காற்றும், செடிக்குள் காற்றுப் புகாத நெருக்கமும், பாதி நிழலும் இருந்தால் போதும். விதையைக் கலந்து தூவியதில் ஒரு சாண் இடத்துக்கு நாலைந்து செடி நிற்பது படத்திலேயே தெரிகிறது. மேற்குப் பக்கம் சில்வர் ஓக் மரங்கள் வேறு.

அதற்கு முன்னால் வந்த பழுப்புப் புள்ளிகள் வேறு வகை. நடுவில் சாம்பல் நிறமும் ஓரத்தில் செம்பழுப்பும் இருப்பதைப் பார்த்தால் ஆல்டர்நேரியா என்ற பூஞ்சணத்தால் வரும் இலைப்புள்ளியாகத் தெரிகிறது. இதற்குத்தான் மழை வேண்டும். மண்ணில் விழுந்த துளி தெறித்து இலையில் படும்போது பரவுகிறது. மாலையில் ஹோஸ் பிடித்துத் தலையோடு தண்ணீர் அடிப்பதும் மழைக்குச் சமம்தான். காலையில், வேருக்கு மட்டும் விடுங்கள்.

இடையில் ஒரு செய்தி. 2016 ஜனவரியில் விண்வெளி நிலையத்தில் பூத்த ஜின்னியாவைப் பற்றிப் படித்திருப்பீர்கள். அது பூப்பதற்கு முன்னால், ஈரம் அதிகமாகி இலைகளில் பூஞ்சணம் பிடித்து, சில செடிகள் செத்தே போயின. விண்வெளி வீரர் ஸ்காட் கெல்லி கெட்ட பகுதிகளை வெட்டி எடுத்தார். விசிறியை வேகமாக ஓடவிட்டுச் செடிகளை உலர்த்தினார்கள். மிச்சம் பிழைத்துப் பூத்தது. பூமியிலும் ஜின்னியாவுக்கு முதல் மருந்து காற்றோட்டம்தான். இடைவெளி விட்டு நட்டால் பாதி நோய் வராது.

அப்படியும் சாம்பல் தென்பட்டால் முதலில் அடி இலைகளைக் கிள்ளி எடுத்து அப்புறப்படுத்துங்கள். பிறகு நனையும் கந்தகத் தூளை லிட்டருக்கு 2 கிராம் வீதம் கலந்து, பூக்கும் முன்பே, இலையின் இரண்டு பக்கமும் படும்படி தெளிக்கலாம். வேப்பெண்ணெய் அடித்திருந்தால் குறைந்தது இரண்டு வாரம் கழித்துத்தான் கந்தகம். இரண்டும் சேர்ந்தால் இலை வெந்துபோகும். பூ வந்த பிறகு மருந்துக் கறையோடு நிற்கும் செடியைக் கல்யாண வீட்டில் யாரும் ரசிக்க மாட்டார்கள். ஆகவே சாம்பல் நோயைத் தாங்கும் ரகத்தை முதலிலேயே வாங்குவது மேல். ‘புரொஃப்யூஷன்’, ‘ஜஹாரா’ என்று விற்கும் ஜின்னியாக்கள் முழங்கால் உயரம்கூட வராது, பூவும் சிறியது. ஆனால் நோய் தாங்கும், இடைவிடாமல் பூக்கும்.

மூன்றாவது, செண்டுமல்லியின் செம்புப் புள்ளி. என் கணிப்பில் இது நோயே இல்லை, மண்ணின் கோளாறு. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

தேயிலை மண்ணில் செண்டுமல்லி

தேயிலைக்குப் புளிப்பு மண்தான் பிடிக்கும்; கார அமில நிலை (pH) நாலரையிலிருந்து ஐந்தரைக்குள் இருந்தால் அது சந்தோஷமாக வளரும். நீலகிரி மண் இயல்பாகவே அப்படி. பல வருடம் தேயிலைக்கு உரம் போட்ட இடமென்றால் புளிப்பு இன்னும் ஏறியிருக்கும். அத்தகைய மண்ணில் இரும்பும் மாங்கனீசும் அளவுக்கு மீறிக் கரைந்து வேர் வழியாக ஏறும். எல்லாச் செடிக்கும் இது தெரிவதில்லை. செண்டுமல்லிக்கு, குறிப்பாகப் பெரிய பூ வைக்கும் ஆப்பிரிக்க வகைக்கு, உடனே தெரியும். முதிர்ந்த இலையின் ஓரத்திலிருந்து செம்புத் துருப்பிடித்தது போலப் பொடிப் புள்ளிகள் தொடங்கி, பிறகு அந்த ஓரம் காய்ந்து சுருளும். உங்கள் மூன்றாவது படத்தில் இருப்பது அதேதான். இதற்குப் பூஞ்சண மருந்து எவ்வளவு அடித்தாலும் காசுதான் நஷ்டம்.

பொங்கல் முடிந்ததும் முதல் வேலையாகப் பாத்தியின் ஐந்தாறு இடங்களில் ஒரு சாண் ஆழத்துக்கு மண் எடுத்து, ஒன்றாகக் கலந்து, நிழலில் உலர்த்தி, அரைக் கிலோ அளவுக்குக் கோத்தகிரி தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்தில் பரிசோதனைக்குக் கொடுங்கள். இரண்டு செடிக்கும் கார அமில நிலை ஆறிலிருந்து ஏழு வரை இருக்க வேண்டும். ஐந்துக்குப் பக்கத்தில் இருந்தால், சதுர மீட்டருக்கு 200 முதல் 250 கிராம் டோலோமைட் (புளிப்பைக் குறைக்கும் சுண்ணாம்புக்கல் தூள்) தூவிக் கொத்திவிட வேண்டியிருக்கும். தேயிலைக்குப் போட்டுப் பழகிய டோலோமைட்தான். உங்கள் கணவருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் நடுவதற்கு மூன்று, நான்கு வாரம் முன்பே போட்டாக வேண்டும். அதே நாளில் சாணமோ யூரியாவோ சேர்க்கக் கூடாது. தழைச்சத்து அம்மோனியாவாகப் பறந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. முதல் படத்தின் மூலையில் நீல ஹைட்ராஞ்சியா ஒன்று தெரிகிறது. அதன் நீலம் புளிப்பு மண் தந்த நீலம். டோலோமைட் அந்தப் பக்கம் இறங்கினால் அடுத்த பூ இளஞ்சிவப்பாகிவிடும். பாத்திக்கும் அதற்கும் நடுவில் மூன்றடி விட்டுத் தூவுங்கள். சரிவில் அதற்கு மேல்பக்கமாகப் போடவே வேண்டாம்.

உரத்தில் கையைக் கட்டிக்கொள்ள வேண்டும். இவை இரண்டும் உரம் தின்னிச் செடிகள் இல்லை. தழைச்சத்து மிஞ்சினால் செடி இலையிலேயே முழுச் சக்தியையும் செலவழிக்கும், பூவைத் தள்ளிப் போடும். போன வருடம் இடுப்பளவுச் செண்டுமல்லி வந்த கதை அதுதான்; யூரியாவும் நிழலும் சேர்ந்து செய்த வேலை. இந்த முறை யூரியா வேண்டவே வேண்டாம். போட்ட சாணம் இன்னும் மண்ணில் இருக்கும்; நடும்போது குழிக்கு ஒரு பிடி மக்கிய தொழுவுரம், மொட்டு வரும் சமயத்தில் கொஞ்சம் சாம்பல்சத்து (பொட்டாஷ்) உரம், அவ்வளவு போதும்.

மே இரண்டாம் வாரத்துக்குப் பூ: எதை எப்போது விதைப்பது

விதை உறையில் எழுதியிருக்கும் நாட்கணக்கு உங்கள் ஊருக்குப் பொருந்தாது. ஐம்பது நாளில் பூக்கும் என்றால் அறுபத்தைந்து என்று வைத்துக்கொள்ளுங்கள். மாசி இரவுகளில் குளிர் பத்துப் பன்னிரண்டு டிகிரிக்கு இறங்கும்போது செடி நகரவே நகராது. இந்தக் கணக்கை வைத்து நான் சொல்வது:

1. குட்டை ரக ஆப்பிரிக்க செண்டுமல்லி: பிப்ரவரி 5 முதல் 10-க்குள்.
2. ஜின்னியா: பிப்ரவரி 20-ஐ ஒட்டி ஒரு முறை, பத்து நாள் கழித்து இன்னொரு முறை. முந்தினது பிந்தினது என்று எது சரியாக வந்தாலும் கை கொடுக்கும்.
3. பிரெஞ்சு செண்டுமல்லி (சிறிய பூ வைக்கும் குட்டை வகை): மார்ச் முதல் வாரம்.

உயரமான ஆப்பிரிக்க செண்டுமல்லியை ஏன் விட்டேன் என்று கேட்பீர்கள். பூசா நாரங்கி போன்ற ரகங்கள் விதைத்ததிலிருந்து நான்கு மாதத்துக்கும் மேல் எடுக்கும்; மேக்குள் நடக்காது. தோரணத்துக்கும் மாலைக்கும் கிலோக் கணக்கில் பூ வேண்டுமென்றால் கோயம்புத்தூர்ப் பூ மார்க்கெட்டில் சொல்லி வைத்துவிடுங்கள். வாசல் தோட்டம் பார்ப்பதற்கு. அதைக் கல்யாணத்துக்கு முந்தின நாள் மொட்டையடிக்க எனக்கு மனசு வரவில்லை.

நேரடியாகப் பாத்தியில் தூவ வேண்டாம். குழித்தட்டில் தென்னை நார்க்கழிவும் மண்புழு உரமும் கலந்து நிரப்பி, குழிக்கு ஒரு விதை. முளைக்க இருபது டிகிரிக்கு மேல் சூடு வேண்டும், ஆகவே முதல் வாரம் தட்டு சமையலறையில், அடுப்புச் சூடு படும் இடத்தில் இருக்கட்டும். முளை தலை காட்டிய அன்றே வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்விடுங்கள். ஒரு நாள் தாமதித்தாலும் நூல் மாதிரி நீண்டு சாயும். ஜின்னியாவுக்கு வேரைத் தொட்டால் பிடிக்காது. நான்கைந்து இலை வந்ததும், குழியில் இருக்கும் மண் உதிராமல் எடுத்து நட்டுவிட வேண்டும். செண்டுமல்லி அவ்வளவு கோபக்காரன் இல்லை, தண்டில் ஒரு விரற்கடை புதையும்படி நட்டாலும் அங்கிருந்தும் வேர் விடும்.

ஜின்னியா ஒரு சாண் வளர்ந்ததும் நுனியைக் கிள்ளினால் பக்கக் கிளை விட்டு நிறையப் பூக்கும், ஆனால் முதல் பூ ஒரு வாரம், பத்து நாள் தள்ளிப் போகும். ஆகவே முதல் தவணையில் விதைத்ததை மட்டும் கிள்ளுங்கள், இரண்டாவதைத் தொட வேண்டாம்.

எடுத்து வைத்த விதையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஜின்னியா விதையைத் தயவுசெய்து போட வேண்டாம். இலைப்புள்ளி நோய் விதை மேல் ஒட்டிக்கொண்டு அடுத்த வருடத்துக்குப் பயணம் செய்யும். செண்டுமல்லி வீரிய ஒட்டு (ஹைப்ரிட்) ரகமாக இருந்தால் அதன் விதை தாய்ச்செடி போல வராது. அடுக்குப் பூவிலிருந்து எடுத்ததில் பாதி பதராகவும் இருக்கும். கறுப்பு ஊசி போன்ற விதையை விரலில் நசுக்கிப் பாருங்கள், உள்ளே பருப்பு இல்லாவிட்டால் தட்டையாகிவிடும். புதிதாக வாங்கும்போது கலவை விதை வேண்டாம். தனித்தனி நிறம், உயரம் எழுதிய உறை, காலாவதித் தேதி பார்த்து வாங்குங்கள். பில்லையும் உறையையும் பூக்கும்வரை பத்திரமாக வையுங்கள். முளைக்காவிட்டாலோ சொன்ன ரகம் வராவிட்டாலோ, விற்றவர் கையை விரித்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது. பில் இல்லாமல் அந்த உரிமையை நிலைநாட்டுவது சிரமம்.

விதைக்க நேரமில்லை என்றால் மார்ச் கடைசியில் நர்சரி நாற்று வாங்கலாம். வசதிதான், ஆனால் ஜின்னியா நாற்று பையிலேயே பூத்து நின்றால் எடுக்காதீர்கள், அதன் வேர் சுருண்டு போயிருக்கும். மொட்டு வைக்காத இளம் நாற்றாகக் கேளுங்கள்.

நிறத்தை எப்படி அமைப்பது

செண்டுமல்லியில் மஞ்சள், ஆரஞ்சு, வெண்மஞ்சள், பிரெஞ்சு வகையில் கூடுதலாக அரக்குச் சிவப்பு, இவ்வளவுதான். ஜின்னியாவில் நீலம் தவிர எல்லாம் உண்டு. இரண்டையும் செடிக்குச் செடி மாற்றி மாற்றி நட்டால், தூரத்திலிருந்து பார்க்க ஒரு நிறமும் நிலைக்காது; கண் எங்கே நிற்பது என்று தெரியாமல் அலையும். பட்டுப் புடவையில் உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம் என்று இருப்பது போல, ஜின்னியாவை உடலாகவும் பிரெஞ்சு செண்டுமல்லியைக் கரையாகவும் வையுங்கள்.

சாலை கீழே, வீடு மேலே என்பதால் பார்ப்பவர் கண் மேல்நோக்கிப் போகும். வீட்டை ஒட்டிய மேல் வரிசையில் உயர ஜின்னியா, ஒரே நிறம் ஏழெட்டுச் செடி சேர்ந்தாற்போல, ஓரடி இடைவெளியில். நடுவில் குட்டை ஆப்பிரிக்க செண்டுமல்லி, ஒரே நிறமாக. எனக்கு எலுமிச்சை மஞ்சள் பிடிக்கும், ஏனென்றால் கோத்தகிரி மூடுபனியிலும் அது தெரியும். கீழ் ஓரத்தில் பிரெஞ்சு செண்டுமல்லியும் குட்டை ஜின்னியாவும், முக்கால் அடி இடைவெளியில். ராணி இளஞ்சிவப்பு ஜின்னியாவையும் ஆரஞ்சு செண்டுமல்லியையும் ஒட்டினாற்போல வைப்பதா என்பது அவரவர் ரசனை. கல்யாண வீட்டுக்கு அந்த அடிதடியான நிறம் எடுபடும் என்றே நினைக்கிறேன். கண்ணை உறுத்தினால் நடுவில் வெள்ளை ஜின்னியாவையோ ஊதா சால்வியாவையோ ஒரு கொத்து வையுங்கள்.

ஏப்ரல், மேயில் கோடை மழையும் சில நாள் ஆலங்கட்டியும் வரும். ஆப்பிரிக்க செண்டுமல்லியின் பெரிய பூ தண்ணீரைக் குடித்துக் கனத்துக் கழுத்தொடிந்து தொங்கும். மழை விட்டதும் செடியை லேசாகக் குலுக்கித் தண்ணீரை உதறுங்கள். காப்பீடாக, இருபது முப்பது பிரெஞ்சு செண்டுமல்லியை ஆறு அங்குலத் தொட்டிகளில் வளர்த்து, கடைசி வாரம் தாழ்வாரத்துக்குள் வைத்துவிடுங்கள். ஊட்டி தாவரவியல் பூங்காவிலும் மே மலர்க் காட்சிக்கு ஆயிரக்கணக்கான தொட்டிகளைப் பல மாதம் முன்பே தயார் செய்து மாடங்களில் அடுக்குவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த மாதத்து வானத்தை அவர்களும் நம்புவதில்லை.

மழை இல்லாத மாசி, பங்குனியில் செண்டுமல்லியில் சிவப்புச் சிலந்தி வரும். இலை மங்கி, அடியில் மெல்லிய நூலாம்படை தெரியும். தேயிலையில் பார்த்த அதே வகையறா. இலையின் அடிப்பக்கம் காலை நேரத்தில் வேகமாகத் தண்ணீர் அடித்தாலே பெருமளவு அடங்கும். இளம் நாற்றை இரவில் ஓடில்லா நத்தை மொட்டையாக்கும். டார்ச் எடுத்துக்கொண்டு போய் பொறுக்குவதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

உருளைக்கிழங்கும் நூற்புழுவும்

‘செண்டுமல்லி வைத்தால் பூச்சியே வராது’ என்பது பாதி உண்மை. சிவப்புச் சிலந்தியும் நத்தையும் அதையே தேடி வருகின்றன என்று மேலே சொன்னேன். அதன் வேரில் இருக்கும் ஒரு பொருள் வேர் முடிச்சு நூற்புழுவையும் வேர் அழுகல் நூற்புழுவையும் அடக்குவது உண்மைதான். ஆனால் அதற்குப் பாத்தி முழுவதும் நெருக்கமாகச் செண்டுமல்லியை மட்டுமே இரண்டு மூன்று மாதம் வளர்த்து, அதன் பிறகு காய்கறி போட வேண்டும். ஓரத்தில் ஒரு வரிசை நட்டால் அந்த வரிசையின் வேர் போகும் இடத்தில் மட்டும்தான் பலன்.

நீலகிரி உருளைக்கிழங்கின் பெரிய தலைவலி வேறு: முட்டைக்கூடு நூற்புழு. இந்தியாவில் அது முதலில் கண்டறியப்பட்டதே 1961-இல் நீலகிரியில்தான். கூட்டுக்குள் இருக்கும் முட்டைகள் பல வருடம் மண்ணில் உயிரோடு கிடக்கும். அதற்குச் செண்டுமல்லியை நம்பி இருக்காதீர்கள். உருளைக்கிழங்கு, தக்காளி, கத்தரிக் குடும்பத்தை மூன்று நான்கு வருடம் நிறுத்தி, கேரட், முட்டைக்கோஸ், பீன்ஸ் என்று மாற்றிப் போடுவதும், எதிர்ப்புத் திறன் உள்ள கிழங்கு ரகத்தை வாங்குவதும்தான் வழி. மிக முக்கியம்: உருளைக்கிழங்குப் பாத்தி மண்ணை எடுத்துப் பூப்பாத்தியையோ தொட்டியையோ நிரப்பக் கூடாது. கல்யாணத்துக்கு வந்தவர்களுக்குத் தொட்டிச் செடி கொடுத்து அனுப்பினால், புழுவையும் சேர்த்து ஊர் ஊராக அனுப்பியதாகிவிடும்.

பொக்லைனும் வேலியும்

இங்கே நான் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன், உங்கள் கணவரும் படிக்கட்டும். நீலகிரியில் மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி இல்லாமல் பொக்லைன் இறக்கி மண்ணை வெட்டக் கூடாது. அனுமதி கிடைத்தாலும் இந்தத் தோட்டத்துக்கு அது வேண்டாம். தேயிலை வேர் பிடித்திருந்த சரிவை ஒரே மட்டமாக வெட்டினால், அக்டோபர் மழையில் வெட்டிய முகப்பு இறங்கும்; மேலே இருப்பது உங்கள் வீடு. போதாக்குறைக்கு மேல்மண் முழுவதும் போய், செடி வளராத செம்மண் மேலே வரும். மண்வெட்டியால் சரிவுக்குக் குறுக்காக, நாலடி அகலத்தில் மூன்று நான்கு படிகளாகப் பாத்தி அமைத்து, கல் அடுக்கி, ஓரமாக ஒரு வடிகால் விட்டால் போதும். பூவுக்கும் அதுவே அழகு. ஒவ்வொரு படியும் முழுதாகத் தெரியும்.

சில்வர் ஓக் நிழலுக்குக் கிளை கழித்தால் தீர்ந்தது. மரத்தையே வெட்டும் எண்ணம் இருந்தால், மலைப் பகுதி மரங்களுக்கு 1955-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. முதலில் வனச்சரக அலுவலகத்தில் கேட்டுவிட்டுத்தான் கோடரியை எடுக்க வேண்டும்.

காட்டெருமை செண்டுமல்லி வாசனைக்குப் பயந்து திரும்பிப் போகும் என்று நம்ப முடியாது. தின்னாவிட்டாலும் அதன் வழி உங்கள் பாத்தி வழியாக இருந்தால் மிதித்துக்கொண்டு போகும். கல் சுவரோ நெருக்கமான கம்பி வேலியோதான் பலன் தரும். வீட்டு மின்சாரத்தை வேலிக் கம்பியில் விடுவது பற்றி யாராவது யோசனை சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். அது குற்றம், செத்துப் போவது காட்டெருமையாகவும் இருக்கலாம், கல்யாணத்துக்கு வந்த குழந்தையாகவும் இருக்கலாம். சூரிய மின்வேலிக்கும்கூட, காட்டை ஒட்டிய இடங்களில் 2023-இல் வந்த விதிகளின்படி வனத்துறையின் முன் அனுமதி வேண்டும். இரண்டு மாதப் பூவுக்கு அந்த அலைச்சல் தேவையா என்று யோசியுங்கள். கரடி நடமாட்டம் இருந்தால், சமையல் கழிவையும் பழத்தோலையும் பாத்திப் பக்கம் திறந்து போடாமல் இருப்பது பூவைவிட உங்களுக்கு நல்லது.

மேடையில் வைக்க ஜின்னியா வெட்டுவதானால், பூவுக்கு ஒரு சாண் கீழே தண்டைப் பிடித்து மெதுவாக ஆட்டிப் பாருங்கள். தலை துவண்டு ஆடினால் இன்னும் இரண்டு நாள் விட வேண்டும். விறைப்பாக நின்றால் வெட்டலாம். மொட்டாக வெட்டினால் ஜின்னியா குவளையில் விரியாது.

மண் பரிசோதனை முடிவு வந்ததும், கார அமில நிலை என்று போட்டிருக்கும் எண்ணையும், படிகள் வெட்டிய பிறகு பாத்தியின் மொத்த நீள அகலத்தையும் எழுதி அனுப்புங்கள். எத்தனை கிலோ டோலோமைட் என்பதைக் கணக்குப் போட்டுச் சொல்கிறேன். ஜனவரி 25-க்குள் கிடைத்தால் நல்லது.